முப்பத்தொன்றாம் இலக்கப் பொதி

மாசி 9, திங்கள்

காலை ஏழரை வரை பனி. கிணற்றடித் தேசிக்காய் மரம் தெரியவில்லை. நாளை இரத்தம் எடுக்கும் நாள். இரண்டாவது தடவை. முதலாவது தையில், தூள் குடிக்கத் தொடங்குமுன். மூன்றாவது பங்குனியில், அதோடு முடிவு.

செய்ய வேண்டியவை:
இரவு எட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.
வெற்றுப் பொதிகளை எண்ணி உறையில் போடுவது.
முழுக்கைச் சட்டை வேண்டாமென்று பிலோமினாவுக்குச் சொல்வது.
ஆட்டோ ஆறேமுக்காலுக்கு. (ஆறரை என்று சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் ஆறேமுக்காலுக்கு வருவான்.)

உணவுத் தாள் மூன்று நாளுக்கும் எழுதியாயிற்று, எனக்கும் பிலோமினாவுக்கும். அவளுடையதை எழுதுவது பெரும்பாடு. மத்தியானம் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டால், "கொஞ்சச் சோறு, ஒரு பிடி கீரை, குழம்பு பாத்து விட்டது" என்கிறாள். பார்த்து விட்டதை எந்தத் தராசில் நிறுப்பது. நாளையிலிருந்து அவளுடைய சாப்பாட்டையும் நானே நிறுத்து வைக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு கட்டம்: வீட்டில் உள்ளோர், உறவுமுறை. 'கணவரின் தங்கை' என்று எழுதினேன். நான் கலியாணம் முடித்து வந்தபோதே இந்த வீட்டில் இருந்தவள். அவர் போய் ஒன்பது வருடம். இப்போது பி.யும் நானும்தான். கட்டத்தில் இவ்வளவுக்கும் இடமில்லை, தேவையுமில்லை.

தர்சினி தந்த துண்டுப்பிரசுரத்தை இன்னொரு தடவை வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை, இது அவளுடைய பட்டத்துக்கான வேலை. எழுபது வயது கடந்தவர்கள். பாதிப் பேருக்கு நெல்லிக்காய்த் தூள். மற்றப் பாதிக்கு அதே நிறமும் புளிப்பும் கொண்ட, பயனில்லாத தூள். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொண்டுவந்து தரும் தர்சினிக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் அவளுடைய பேராசிரியரின் மேசை இலாச்சியில் பூட்டிக் கிடக்கிறது. தினம் ஒரு பொதி, எட்டு வாரம். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருட்கள் வயோதிபரின் இரத்தத்தில் கூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். முப்பத்திரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்த எனக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

விளங்காமல் இருந்திருந்தால் நல்லது.

மாசி 10, செவ்வாய்

ஆட்டோ ஏழுக்கு வந்தது.

சனசமூக நிலையத்தில் எங்களுக்கு முன் பதினொரு பேர். எல்லோரும் பசியில் இருந்ததால் கதை கூட. இலக்கம் 30 நான், 31 பி. ஒரே ஆட்டோவில் வந்தவர்களைக்கூட இலக்கப்படிதான் கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்தது.

பக்கத்து ஒழுங்கைத் துரைசிங்கத்தாரைத் தர்சினி கேட்டாள்:

"தண்ணியைத் தவிர ஒண்டும் எடுக்கேல்லையோ ஐயா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒரு தேத்தண்ணி மட்டும்."

"தேத்தண்ணியோ?"

"வெறும் தேத்தண்ணி. அதுக்குள்ளை சீனி போடேல்லை. சீனியைக் கையிலை வைச்சுத்தான் நக்கினனான்."

நிலையமே சிரித்தது. அவரை நாளைக்கு வரச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்.

தாதிக்குக் கை நல்லது, பழக்கம் கூடாது. ஊதா மூடிக் குழாயைப் போத்தில் மருந்து மாதிரிக் குலுக்கினாள். குலுக்கினால் செங்குழியங்கள் உடையும், மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும் என்றேன். "ரீச்சர் எங்களுக்கும் பாடம் எடுக்கிறா" என்றாள், ஆனால் பி.யின் குழாயைக் குலுக்கவில்லை. பி.யின் நரம்பு இரண்டாம் தடவைதான் கிடைத்தது. முகத்தைச் சுளிக்காமல் இருந்தாள். குழாய்களை ஐஸ் பெட்டிக்குள் வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு படிவம். 'எனக்கு வழங்கப்பட்ட பொதிகளை மட்டுமே நான் உட்கொண்டேன் என உறுதியளிக்கிறேன்.' கீழே கோடு.

கையொப்பமிட்டேன். பேனை நிற்கவில்லை. அதுதான் இப்போதும் மனதில். நின்றிருக்கலாம்.

பி. தன் முழுப் பெயரையும் எழுதினாள், தகப்பன் பெயரோடு. வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

தர்சினி எங்கள் தாள்களை மேலே தூக்கிக் காட்டினாள். "ரீச்சர் வீட்டுத் தாளைத்தான் நான் எல்லாருக்கும் காட்டிறனான். ஒரு பக்கற்றும் விடுபடேல்லை. எனக்கு ஒரு இடத்திலை சந்தேகம் வந்தால் உங்கடையை எடுத்து வைச்சுத்தான் மற்றதைப் பாக்கிறது."

பின்னேரம்

முழங்கை மடிப்பில் நீலம். ஐஸ்கட்டி வைத்தேன்.

தை 20ஆம் திகதிப் பக்கத்தைப் புரட்டினேன். 'தூறல். தண்ணீர்ப் பம்பி திருத்தியாயிற்று.' அவ்வளவுதான். இந்தக் கொப்பியை என்னைத் தவிர ஒருவரும் திறப்பதில்லை. அப்படியிருந்தும் அன்று செய்ததை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தை 18 காலை பி. குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தாள். முறிவில்லை. முதல் இரத்தத்தின் அறிக்கை அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. என்னுடையதில் எல்லாம் வரம்புக்குள். அவளுடையதில் மூன்று இடத்தில் சிவப்பு வட்டம். டொக்டர் இரும்புக் குளிசை கொடுத்தார், "வயசு போகுதெல்லோ" என்றார். கனடாவிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தான். "மாமிக்கு ஒண்டு நடந்தால் நீங்கள் அங்கை தனிய இருக்கேலாது அம்மா. இஞ்சை வரவேணும், இல்லாட்டி சிஸ்டர்மாரின்ரை முதியோர் இல்லம். ரெண்டிலை ஒண்டை யோசியுங்கோ."

இரண்டு நாள் யோசித்தேன். தை 20, பி. படுத்திருந்த நேரம், இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் 30இன் தூள் ஒரு சிட்டிகை, மற்றதில் 31இன் தூள். காயத்துக்குப் பூசும் அயடீன் ஒவ்வொரு துளி. 31இல் விழுந்தது கருநீலமானது. மாப்பொருள். 30இல் விழுந்த துளியின் கபில நிறம் பார்த்துக்கொண்டிருக்கவே மறைந்தது. நெல்லியில் உள்ள விற்றமின் சி அதைத்தான் செய்யும். மாணவிகளைக் கொண்டு எத்தனை வருடம் செய்வித்த பரிசோதனை.

எனக்கு மருந்து. விழுந்தவளுக்கு மா.

தை 21 தொடக்கம் மாற்றிக் கரைக்கிறேன். நீலப் பூக் கோப்பை அவளுக்கு, வெள்ளைக் கோப்பை எனக்கு, அது மாறவில்லை. உள்ளே போடுவதை மட்டும் மாற்றினேன். குசினியில் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் நான்தான். அவளுக்குத் தெரியாது.

எழுதியாயிற்று. கை நோவு குறையவில்லை.

மாசி 11, புதன்

கையில் நீலம் இன்னும் போகவில்லை.

பி. இன்று முருங்கை மரத்தடி வரை போய்க் காய் பறித்து வந்தாள். மூச்சு வாங்கவில்லை. மூன்று கிழமைக்கு முன் சாப்பாட்டு மேசைக்கு வரவே கதிரையைப் பிடித்தவள். என் தூளால் என்று நினைக்க ஆசை. இரும்புக் குளிசையாகவும் இருக்கலாம். வெறும் ஓய்வாகவும் இருக்கலாம். ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தானே இத்தனை பேரை வரிசையில் இருத்தி ஊசி குத்துகிறார்கள்.

அந்த வரிசையில் இரண்டு இலக்கங்களை நான் கெடுத்து வைத்திருக்கிறேன். நெல்லி குடித்தவர்களின் பக்கத்தில் மா குடித்த என் இரத்தம். மா குடித்தவர்களின் பக்கத்தில் நெல்லி குடித்த பி.யின் இரத்தம். இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்.

நிறுத்திவிட்டால்? இன்றிலிருந்து அவரவர் பொதி என்றால்? பி. திரும்பவும் விழுந்தால்?

காலையிலும் மாற்றித்தான் கரைத்தேன்.

முருங்கைக்காய்க் குழம்பில் புளி கூடிவிட்டது.

மாசி 12, வியாழன்

ஒன்றுமில்லை. யன்னல் சீலைகள் தோய்த்தேன். தோய்க்கத் தேவையில்லாதவை. அலுமாரியில் பழைய வினாத்தாள்கள், கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன, நான்கு புள்ளி. கிழித்துப் போடவில்லை, திரும்ப வைத்தேன். பி. கேட்டாள்: "என்ன அண்ணி, வீட்டை அளக்கிறியளோ? காலமையிலிருந்து நடை."

மாசி 14, சனி

தவக்காலம் தொடங்குமுன் பாவசங்கீர்த்தனம். புதுச் சுவாமியார், முப்பத்தைந்து இருக்கும். வரிசையில் மூன்று பேர். சொன்னேன். முழுவதும் சொன்னேன், அயடீன் உட்பட.

கம்பித் தட்டிக்கு அப்பால் சுவாமியாரின் மெல்லிய சிரிப்புச் சத்தம்.

"அம்மா, மச்சாளுக்கு நல்லதைக் குடுத்துப்போட்டு நீங்கள் மாவைக் குடிக்கிறியள். உது பாவமில்லை, தியாகம்."

"பொய்க் கையொப்பம், சுவாமி."

"அன்பாலை வைச்சது."

"ஆராய்ச்சி பிழைக்கும்."

"கனபேர் இருக்கினம்தானே. ரெண்டு பேராலை என்ன."

மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். கன்னியர் மடத்தில் மேசைத் துணியில் மை கொட்டியதற்கு மதர் எனக்குப் பத்துத் தந்தவர்.

மூன்றும் சொன்னேன். பாரம் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அந்தக் கூட்டுக்குள் இல்லை என்பது வரும் வழியில் விளங்கியது. அவள் ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு எங்கோ ஒழுங்கையில்.

மாசி 16, திங்கள்

மீன்காரர் கேற்றடியில். விளைமீன், கொஞ்சம் திரளி. பி. பேரம் பேசவில்லை, கதைத்தாள்.

"ஊசி குத்தின கை எப்பிடி அக்கா?"

"எனக்கென்ன. நான் முப்பத்தொண்டு. பங்குனியிலை இன்னொருக்கா எடுப்பினம். என்ரை இரத்தத்துக்குப் போட்ட ஐஸிலை பாதி உம்மடை மீனுக்கு இல்லை."

"எதுக்காம் எடுக்கிறவை?"

"உடம்புக்குள்ளை துருப் பிடிக்காமல் வைக்கிற தூள் ஒண்டு. அது வேலை செய்யுதோ எண்டு என்னிலை பாத்துத்தான் சொல்லுவினம்."

என்னிலை பாத்துத்தான். உள்ளே வந்து மீனைக் கழுவும் மட்டும் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. நான் அதைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தேன்.

மாசி 18, விபூதிப் புதன்

ஒரு நேரச் சாப்பாடு. நெற்றியில் சாம்பல். பூசைக்குப் போகுமுன்னும் கோப்பை இரண்டையும் மாற்றியே கரைத்தேன். எந்த முகத்தோடு முழந்தாளிட்டேன் தெரியவில்லை.

பதினொன்றுக்குத் தர்சினியின் தொலைபேசி.

"ரீச்சர், ஒரு உதவி. வாற சனிக்கிழமை எல்லாரையும் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிடுறன். கன பேர் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகினம். நான் சொன்னால் கேக்கினமில்லை. நீங்கள் வந்து ஒழுங்காச் செய்யிறது எப்பிடி எண்டு ஒரு பத்து நிமிசம் சொல்லித் தருவியளோ?"

வாய்வரை வந்தது: ஓம் பிள்ளை, வாறன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். பாடம் எடுக்கக் கேட்டால் ஓம் என்றுதான் வரும்.

"நாளைக்கு வீட்டை வாரும். உம்மோடை கதைக்க வேணும்" என்றேன்.

"ஏன் ரீச்சர், சுகமில்லையோ?"

"சுகம்தான்."

இப்போது மூன்றரை. பி.க்கு முதலில் சொல்வதா, தர்சினிக்கு முதலில் சொல்வதா. பி.க்குச் சொன்னால் அழுவாள் என்று நினைக்கிறேன். தர்சினி போன பிறகு ஆறுதலாகச் சொல்லலாம்.

மாசி 19, வியாழன்

பத்தரைக்குத் தர்சினி வந்தாள். பி. தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். அந்த இடைவெளிக்குள் சொல்லி முடிக்க நினைத்திருந்தேன். மனதில் மூன்று பந்தியாகப் பிரித்து வைத்திருந்தது முதல் வசனத்திலேயே குழம்பியது.

"தர்சினி, தை இருபத்தொண்டு தொடக்கம் என்ரை பக்கற்றைப் பிலோமினாவும், அவவின்ரை பக்கற்றை நானும் குடிக்கிறம்."

"மாறுப்பட்டுப் போச்சோ ரீச்சர்?"

"மாறுப்படேல்லை. நான் மாத்தினனான். தெரிஞ்சுதான். படிவத்திலை வைச்ச ஒப்பமும் பொய்."

பேனையை மூடினாள். திரும்பத் திறந்தாள். "ஏன்?"

"எது எது எண்டு சோதிச்சுப் பாத்தனான். அதிலை..."

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதேங்கோ ரீச்சர், சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியக்கூடாது. எனக்குத் தெரிஞ்சால் மிச்சமும் போச்சு. உங்கடை முகத்தைப் பாத்தாலே நான் பிடிச்சிடுவன். தயவுசெய்து அங்காலை திரும்புங்கோ."

எழுபத்தெட்டு வயதில், ஒரு பிள்ளை சொல்ல, என் வீட்டுக் கதிரையில் முகத்தைத் திருப்பினேன். திரும்பிய பக்கம் குசினி வாசல். வாசலில் தட்டத்தோடு பி. எவ்வளவு நேரம் நின்றாளோ.

வந்து தட்டத்தை வைத்தாள். தர்சினிக்கு எடுத்துக் கொடுத்தாள். "சீனி காணுமோ பிள்ளை?" என்றாள். என் தேத்தண்ணி தட்டத்திலேயே இருந்தது.

தர்சினி என்னைப் பார்க்காமல் கதைத்தாள். பேராசிரியருக்குச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பேரையும் நீக்கினாலும் நீக்குவார்கள். ஏற்கெனவே ஒருவர் இறந்துபோனார், ஒருவர் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார், ஆட்கள் மட்டுமட்டு. முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் குடிக்க வேண்டாம். வேறு யாருக்காவது சொன்னீர்களா என்று கேட்டாள். சுவாமியாருக்கு என்றேன். "அவரும் எங்கடை ஆராய்ச்சியிலை இல்லைத்தானே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

படியிறங்கும்போது: "நான் உங்கடை வீட்டை வைச்சுத்தான் ரீச்சர்..." அவ்வளவுதான். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டாள்.

தேத்தண்ணியை ஆறிய பிறகு நானே எடுத்துக் குடித்தேன்.

மாசி 20, வெள்ளி

பி. கதைக்கவில்லை. கோபம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கூப்பிட்டால் ஓம் என்கிறாள். உடுப்பு மடித்தாள். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். ஐம்பது வருடத்தில் மேசையை விட்டு அவள் தனியே சாப்பிட்டது நான் பார்க்க இதுதான் முதல். உணவுத் தாளுக்கு எவ்வளவு என்று கேட்கப் போய்க் கதவடியில் நின்று திரும்பிவிட்டேன்.

வெயில் ஏறுகிறது. பனி முடிந்தது போல.

மாசி 21, சனி

சனசமூக நிலையத்தில் கூட்டம் நடந்திருக்கும். போகவில்லை.

பத்துமணி போல் நான்தான் தொடங்கினேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்ததில் எனக்கு அவ்வளவுக்குப் பிழை தெரியவில்லை என்ற தொனியில் தொடங்கினேன் என்று இப்போது தெரிகிறது.

"பிலோமினா, உமக்கு நல்லதுக்குத்தானே செய்தனான்."

"என்னை ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம். வேண்டாம் எண்டிருப்பன். அது என்ரை பதிலெல்லோ."

மிளகாயைப் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"நீர் விழுந்தனீர். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது."

"எனக்காகவோ, உங்களுக்காகவோ?"

விலகிக் கிடந்த ஒரு மிளகாயை எடுத்து மற்றவற்றோடு வைத்தேன்.

"ரெலிபோனை ஸ்பீக்கரிலை போட்டுத்தானே கதைக்கிறனீங்கள், அண்ணி. கனடாவிலையிருந்து தம்பி சொன்னது எனக்கும் கேட்டது. நான் போனால் நீங்கள் இந்த வீட்டிலை இருக்கேலாது. அதுக்கு என்னை நெல்லிக்காய் போட்டு வைச்சிருக்கப் பாத்தனீங்கள், ஊறுகாய் மாதிரி."

சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும், வாயை இறுக்கிக்கொண்டாள். பிறகு கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இந்த வீட்டிலை என்ரை பேருக்கு ஒரு கறண்ட் பில் வாறேல்லை. கலியாண வீட்டு அழைப்பிதழிலையும் உங்கடை பேருக்குக் கீழை 'குடும்பத்தார்' எண்டுதான் வாறனான். அந்தப் பிள்ளை வந்து என்ரை பேரைக் கேட்டு எழுதி, எனக்கெண்டு ஒரு இலக்கம் தந்து, என்ரை கையாலை ஒப்பம் வாங்கினவ. நான் பொய் சொல்லேல்லை. நான் சொன்னதைப் பொய்யாக்கினது நீங்கள். அதையும் சிவப்புப் பேனையாலை திருத்திப்போட்டியள்."

என் கையொப்பத்தைப் பற்றியே இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடையதை நினைக்கவில்லை. தகப்பன் பெயரோடு, வரிசையை நிறுத்தி வைத்து எழுதியது.

"பிழைதான், பிலோமினா" என்றேன். இந்தச் சொல்லை அவளிடம் முன்பு சொன்னதாக ஞாபகமில்லை. அவரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை.

"ஓம். பிழைதான்" என்றாள். காகம் வருகுது, பார்த்துக்கொள்ளுங்கோ என்று என் கையில் ஒரு கம்பைத் தந்துவிட்டு உள்ளே போனாள். பன்னிரண்டரை வரை மிளகாய்க்குக் காவல் இருந்தேன்.

மாசி 23, திங்கள்

தர்சினி எடுத்தாள். குரல் பழையபடி இல்லை, ஆனால் ரீச்சர் என்றாள்.

முடிவு: நீக்கவில்லை. நாளையிலிருந்து அவரவர் பொதி, மிச்ச நாட்களுக்கு. பங்குனி இரத்தமும் எடுப்பார்கள். நடந்தது முழுவதும் திகதியோடு எழுதி ஆராய்ச்சிக் கோவையில் வைக்கப்படும். கடைசியில் எங்கள் இருவரின் இரத்தத்தையும் கணக்கில் எடுப்பதா விடுவதா என்பதை அப்போது தீர்மானிப்பார்கள். பேராசிரியர் திட்டினாரா என்று கேட்டேன். "திட்டினவர். என்னை. பக்கற்றை வடிவா ஒட்டேல்லையாம்."

நான் செய்ததற்கு அந்தப் பிள்ளை திட்டு வாங்கியிருக்கிறாள். பேராசிரியருக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்றேன். எழுதுங்கோ, ஆனால் எது எந்தத் தூள் என்று எழுதிவிடாதேங்கோ என்றாள்.

பிறகு, "பிலோமினா அம்மாவோடையும் கதைக்க வேணும். அவ தொடர விரும்புறாவோ எண்டு அவதான் சொல்ல வேணும்."

தொலைபேசியைக் கொடுத்தேன். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். பி. யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பேசினாள். ஓம் என்று நாலைந்து தடவை. ஒரு இல்லை. திரும்பித் தரும்போது, "நான் நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

"பிலோமினா, உம்மடை பக்கற்..."

"சொல்ல வேண்டாம். நீங்கள் மாத்தினதிலையே விளங்குது."

"விளங்கியுமோ?"

"ஆரோ ஒராள் அதையும் குடிக்கத்தானே வேணும். இல்லாட்டி எப்பிடித் தெரியும்?"

நான் நான்கு புள்ளிக்குக் கேட்டு வந்த கேள்விக்கு இதைவிட நல்ல விடை எழுதிய மாணவி ஞாபகத்தில் இல்லை. சொல்லவில்லை. புள்ளி போடும் உரிமை எனக்கு இப்போது இல்லை.

பேராசிரியருக்குக் கடிதம், இரண்டு பக்கம். மூன்று தடவை எழுதினேன். 'பயத்தினால்' என்ற சொல்லை முதல் இரண்டிலும் விட்டிருந்தேன்.

மாசி 24, செவ்வாய்

வெயில். வடக்குப் பக்கம் வேலிக்கு ஆள் வந்தது, ஓலை காணாது என்று போய்விட்டது.

காலை குசினிக்குள் போகும்போது பி. முந்திவிட்டாள். தண்ணீர் சூடாக்கியிருந்தாள். பொதிகள் இரண்டையும் மேசைக்குக் கொண்டுவந்து, இலக்கத்தை வாசித்து, என்னுடையதை என் பக்கம் தள்ளினாள். தன்னுடையதைத் தானே கிழித்தாள். கரைத்தாள். உணவுத் தாளும் பேனையும் அவள் கையருகில். இனித் தன்னுடையதைத் தானே எழுதுவாளாம். 'குழம்பு, 2 மே.க.' என்று நேற்றையதை எழுதியிருந்தாள். மேசைக் கரண்டிக்கு அந்தச் சுருக்கம் யார் சொல்லிக் கொடுத்தது தெரியாது.

முதலில் அவள் குடித்தாள். ஒரே மூச்சில், கோப்பையைச் சுழற்றி, முழுவதும். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்படியும் பார்த்தேன்.

எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு நெல்லி. நாக்கில் துவர்ப்பு பிடித்தது. முக்கால்வாசியில் வைத்தேன்.

பி. நேரத்தை எழுதிவிட்டுப் பேனையை மூடவில்லை. என் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடியிலை கிடக்கு, அண்ணி. அதையும் குடிச்சால்தான் நான் எழுதுவன்."

குடித்தேன்.